முன்னாள் மாணவர் நேர்காணலா, வீடியோ அறிமுகமா?

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தபோது என் மகளுக்கு இரண்டு வழிகளும் அமைந்தன. சில கல்லூரிகள் தங்கள் முன்னாள் மாணவர் ஒருவருடன் பேசச் சொன்னன. சில, தன்னைப் பற்றிப் பேசி ஒரு வீடியோ அனுப்பச் சொன்னன. பள்ளிப் பாடங்களுக்கு நடுவே இரண்டுக்கும் சமமாக நேரம் ஒதுக்க முடியவில்லை. நேர்காணலுக்குத்தான் அதிகம் தயாரானாள். இப்போது யாராவது கேட்டாலும் அதைத்தான் சொல்வேன்.

வீடியோவின் வசதிகள் தெரிந்தவைதான். பிரவுன் பல்கலைக்கழகம் 90 நொடி தருகிறது, சிகாகோ பல்கலைக்கழகம் 2 நிமிடம். செல்போனிலேயே எடுக்கலாம், பிடிக்கவில்லையென்றால் திரும்ப எடுக்கலாம். சேர்க்கை அலுவலரே பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். ஆனால் கட்டுரைகளை எழுதிய அதே பிள்ளைதான் இதையும் தயாரிக்கிறது.

என்னைப் பொறுத்தவரை எல்லாம் இந்த ஒரு விஷயத்தில்தான் நிற்கிறது: விண்ணப்பக் கோப்பின் ஒவ்வொரு பக்கத்தையும் எழுதுவது யார்? கட்டுரை பிள்ளையுடையது, பரிந்துரைக் கடிதங்கள் பள்ளியிலிருந்து வருகின்றன. வீட்டுக்கும் பள்ளிக்கும் வெளியே இருக்கும் ஒருவர் எழுதுவது அநேகமாக, நேர்காணல் செய்த முன்னாள் மாணவர் கல்லூரிக்கு அனுப்பும் அறிக்கை மட்டும்தான். பெரும்பாலும் அவருக்கு மதிப்பெண்ணையோ கட்டுரையையோ காட்டுவதில்லை. அரை மணி, ஒரு மணி நேரம் பேசியதை வைத்தே எழுதுகிறார். அதனால் "அறிவியலில் ஆர்வம்" என்று பொதுவாகச் சொன்னால் அவருக்கு எழுத ஒன்றும் இருக்காது. எந்தச் சோதனை சொதப்பியது, அப்புறம் என்ன மாற்றிச் செய்தாள் என்று சொன்னால்தான் இருக்கும்.

ஹார்வர்டு பல்கலைக்கழகம் மாணவர் சேர்க்கையில் ஆசிய அமெரிக்கர்களிடம் பாகுபாடு காட்டுகிறது என்று தொடுத்த வழக்கில் வெளிவந்த விவரங்களும் என்னை இந்தப் பக்கமே இழுத்தன. ஆசிய அமெரிக்க மாணவர்களுக்கு ஆளுமைக்கான மதிப்பீட்டைச் சேர்க்கை அலுவலகம் வெள்ளையரைவிடக் குறைத்துப் போட்டது. நேரில் பேசிய முன்னாள் மாணவர்களோ ஏறக்குறைய சமமாகப் போட்டார்கள் என்று வழக்குத் தொடுத்த தரப்பு எடுத்துக்காட்டியது. பாகுபாடு காட்டும் நோக்கம் இல்லை என்று 2019-இல் கீழ் நீதிமன்றம் சொன்னது, 2023-இல் உச்ச நீதிமன்றம் ஹார்வர்டுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதெல்லாம் தனிக் கதை. நம் பிள்ளைகளை நேரில் பார்த்தவர்கள் என்ன நினைத்தார்கள் என்பது எனக்குப் பெரிதாகப் பட்டது.

ஆனால் அந்த நல்ல மதிப்பீடு மட்டுமே யாருக்கும் இடம் வாங்கித் தந்துவிடாது என்பதும் அதே வழக்கில் தெரிகிறது. ஏறக்குறைய 50,000 விண்ணப்பம் வரும் இடத்தில் அது கோப்பில் ஒரு பக்கம். மற்றதெல்லாம் வலுவாக இருக்கும்போது கொஞ்சம் தள்ளிவிடும் என்பது என் கணிப்பு. ஒரு பிள்ளையின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன், அந்த அறிக்கை எதையும் நான் பார்த்ததில்லை.

கல்லூரிக்குக் கல்லூரி எடையும் மாறுகிறது. ஜார்ஜ்டவுன் நேர்காணலை விண்ணப்பத்தின் ஒரு பகுதியாகவே வைத்திருக்கிறது. யேல், கூடுதல் தகவல் தேவைப்படும் மாணவர்களுக்கு முன்னுரிமை தருகிறது. கொலம்பியா 2023-24 சேர்க்கையிலிருந்து நிறுத்தியே விட்டது. பல கல்லூரிகள் தங்கள் சேர்க்கை விவரங்களைத் தொகுத்து வெளியிடும் 'காமன் டேட்டா செட்' என்ற அறிக்கையில் சி7 என்ற அட்டவணையைப் பாருங்கள். நேர்காணல் மிக முக்கியமா, முக்கியமா, கருத்தில் கொள்ளப்படுமா, கொள்ளப்படாதா என்று அதில் குறித்திருப்பார்கள்.

அழைப்பு வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். பேசுபவர்கள் எல்லாரும் தன்னார்வலர்கள், எல்லா ஊருக்கும் ஆள் கிடைப்பதில்லை. புது ஆளைக் கண்டாலே வாய் அடைத்துப்போகும் பிள்ளையென்றால் மட்டும், வீடியோ கேட்கும் கல்லூரிகளையும் பட்டியலில் சேர்க்கச் சொல்வேன்.