போதனா வைத்தியசாலையா, சனலிங்கா? யாழ்ப்பாணத்தில் பிள்ளைக்கு வைத்தியர் பார்ப்பது

போதனா என்பது அரச வைத்தியசாலை, சனலிங் என்பது தனியார் நிலையத்தில் இலக்கம் எடுத்துக் காசு கட்டி வைத்தியரைப் பார்ப்பது. பலர் நினைப்பதுபோல் இவை இரண்டு வேறு உலகமல்ல. காலையில் வார்ட்டில் நிற்கும் நிபுணரே பின்னேரம் தனியாரிலும் பார்ப்பது இங்கு வழமை.

செலவு: போதனாவில் இலவசம். சனலிங்கில் வைத்தியர் கட்டணம், நிலையக் கட்டணம், மருந்து எல்லாம் கைக்காசு.
நேரம்: போதனாக் கிளினிக்கில் விடிய வரிசை. சனலிங்கில் இலக்கம் கையிலிருக்கும், ஆனாலும் வைத்தியர் வார்ட்டில் மாட்டினால் காத்திருப்புத்தான்.
அவசரம்: வலிப்பு, மூச்சு இழுப்பு என்றால் யோசிக்கவே வேண்டாம், 1990 அம்புலன்ஸை அழைத்து போதனாவுக்கே போங்கள்.

தகுதிதான் பலர் கோட்டை விடும் இடம். பலகையில் 'குழந்தை நோய்' என்றிருந்தால் மட்டும் போதாது. எம்பிபிஎஸ் அடிப்படை மருத்துவப் பட்டம், டிசிஎச் குழந்தை நலத்தில் ஒரு டிப்ளோமா. நிபுணருக்கு எம்டி என்ற மேற்பட்டமும், அதன்பின் பயிற்சி முடித்துப் பெறும் நிபுணர் சான்றிதழும் (board certification) வேண்டும். இலங்கை மருத்துவ சபையின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடுங்கள். முதலெழுத்தோடு தேடி 'ஆளில்லை' என்று பயப்படாதீர்கள். முழுப்பெயரில், ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி மாற்றிப் போட வேண்டிவரும். மருந்துத் துண்டின் முத்திரையில் பதிவு இலக்கம் இருந்தால் வேலை சுலபம். ஆயுள்வேத வைத்தியர் இதில் இருக்கமாட்டார், அவர்களுக்குப் பதிவு வேறு.

ஆஸ்துமா, வலிப்பு, நிறைகுறைவு போன்ற நீண்டகாலப் பிரச்சினைக்கு, எல்லாம் ஒரே கொப்பியில் பதிவாகும் போதனாக் கிளினிக்கே நல்லது. சளி, சொறி, இரண்டாம் அபிப்பிராயம் என்றால் சனலிங். தடுப்பூசிக்கு இரண்டும் தேவையில்லை, உங்கள் பகுதிச் சுகாதார வைத்திய அதிகாரி கிளினிக் போதும். எங்கு போனாலும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டை மறக்காமல் கொண்டுபோங்கள்.