"நிறுவுதல்" என்ற ஒரு சொல்லும் எங்கள் 26 லட்சமும்

அலுவலகத்துக்கு வீடிஐ, அதாவது எல்லோருடைய கணினியையும் ஒரே இடத்துச் சேர்வரில் ஓடவிடும் ஏற்பாடு, போட்டுத் தருகிறோம் என்று கொழும்பிலிருந்து யாராவது திருகோணமலைக்கு வந்தால், கையெழுத்து வைக்க முன் இதை ஒருதரம் வாசித்துவிடுங்கள். கொம்பனியின் பெயரை எழுதவில்லை. விஷயம் சட்டத்தரணியிடம் இருக்கிறது, அவர் வேண்டாம் என்கிறார்.

எங்களுடையது பதினெட்டுப் பேர் வேலை செய்யும் கணக்கு, வரி அலுவலகம். கடற்கரைக்குக் கிட்ட இருக்கிறோம். பிசி வாங்கி மூன்றாம் வருடம் பின்பக்கத்துத் திருகாணி துருப்பிடித்துவிடும், நாலாம் வருடம் மதர்போர்ட் போய்விடும். மாற்றி மாற்றி அலுத்துப்போன நேரத்தில்தான் இவர்கள் வந்தார்கள். மேசைக்கு மேசை ஒரு சின்ன தின் கிளையன்ட் பெட்டியும் திரையும் மட்டும் போதும். பதினெட்டுப் பேருடைய வின்டோஸ் டெஸ்க்டொப்பும் உள்ளே ஏசி அறையில் இரண்டு சேர்வரில் ஓடும். ஒன்று விழுந்தால் மற்றது தாங்கும், "ஸ்டாஃபுக்குத் தெரியவே வராது சேர்" என்றார்கள். யோசனையில் பிழை இல்லை. உப்புக் காற்று அடிக்கும் ஊருக்கு அது நல்ல யோசனை என்றுதான் இன்றைக்கும் சொல்வேன்.

மொத்தம் 32 லட்சம். வேலை முடிய முன்னரே 26 லட்சம் கொடுத்துவிட்டேன். கணக்கு வேலை செய்பவன் இப்படிக் கொடுக்கலாமா என்று கேட்காதீர்கள், வீட்டில் ஏற்கெனவே கேட்டாயிற்று.

செப்டெம்பர் நடுவில் எல்லாம் பூட்டி முடிந்தது. முதல் கிழமையே காலை எட்டரைக்குச் சிக்கல் தொடங்கியது. பதினெட்டுப் பேரும் ஒன்றாக உள்ளே வரும்போது எக்செல் திறக்க நாலைந்து நிமிடம். கேட்டால், "நெட்வேர்க்கைப் பாருங்கள் சேர்." நெட்வேர்க்கில் ஒன்றும் இல்லை. பதினெட்டு டெஸ்க்டொப்பின் வட்டும் ஒரே ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வேர்க்கில் பூட்டும் சேமிப்புப் பெட்டி), நான்கு சுழல் ஹார்ட் டிஸ்க்கில் இருந்தன. நிமிடத்துக்கு 7200 தரம் சுழலும் ஒரு டிஸ்க், விநாடிக்கு ஏறத்தாழ 75 முதல் 100 தரம்தான் எழுதி வாசிக்கும். ஆள் உள்ளே வந்து எக்செல் திறக்கும்போது ஒரு வின்டோஸ் தனியாகவே நிறையக் கேட்கும். பதினெட்டு ஒன்றாகக் கேட்டால் என்ன ஆகும்? எங்களுக்கு டெமோ காட்டியது மூன்று டெஸ்க்டொப்பில், அதுவும் சுழலாத, வேகமான எஸ்எஸ்டி வட்டுப் போட்ட அவர்களுடைய மெஷினில்.

இரண்டு சேர்வரையும் சேர்த்து அவர்கள் சொன்ன "கிளஸ்டர்" என்ற சொல்லுக்கும் அப்போதுதான் அர்த்தம் புரிந்தது. சேர்வர் இரண்டுதான், ஆனால் நாஸ் ஒன்று. அது நின்றால் இரண்டு சேர்வரும் சும்மா நிற்கும். மெமரிக் கணக்கு அதைவிட மோசம். டெஸ்க்டொப்புக்கு 8 ஜிபி, பதினெட்டுக்கு 144 ஜிபி. ஒரு சேர்வரில் இருப்பது 128. ஒன்று விழுந்தால் மற்றது எல்லாவற்றையும் எப்படித் தாங்கும்? அப்படித் தாங்கினாலும், விழுந்த டெஸ்க்டொப் மற்ற சேர்வரில் புதிதாக பூட் ஆகித்தான் வரும். சேமிக்காமல் திறந்து வைத்திருந்த வேலை போனது போனதுதான். தெரியவே வராதாம்!

உண்மையான அடி நவம்பரில் விழுந்தது. தனிநபர் வருமான வரி விபரத்திரட்டுக்கு நவம்பர் 30 கடைசி நாள். எங்கள் அலுவலகத்தில் அந்த மாதம் யாரும் லீவு கேட்கவே மாட்டார்கள். 19ஆம் திகதி பின்னேரம் மழையும் இடியும், கரண்ட் போனது. யூபிஎஸ் பதினொரு நிமிடம் தாங்கியது. திரும்பக் கரண்ட் வந்தது, சேர்வர் இரண்டும் எழும்பின, டெஸ்க்டொப் ஒன்றுகூட எழும்பவில்லை. 'பவர் ஒன்' அழுத்தினால் லைசன்ஸ் காலாவதியாகிவிட்டது என்று ஒரு வரி வருகிறது. பதினெட்டுத் தின் கிளையன்ட்டிலும் நீலத் திரையில் ஒரு வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது.

ஒரு சேர்வரில் பல டெஸ்க்டொப்பை ஓடவிடுவது விஎம்வெயார் என்ற மென்பொருள். போட்டிருந்தது அதன் 60 நாள் மதிப்பீட்டு லைசன்ஸ், பரீட்சித்துப் பார்க்க மட்டும். அந்த 60 நாள் முடிந்ததும் எல்லாம் உடனே நின்றுவிடாது. ஓடிக்கொண்டிருப்பவை ஓடும், ஆனால் ஒருதரம் அணைந்தால் திரும்ப ஏற்ற முடியாது. நாங்கள் மாலையில் தின் கிளையன்ட்டை மட்டும்தான் அணைப்போம், டெஸ்க்டொப்புகள் சேர்வரில் ஓடிக்கொண்டே இருக்கும். அதனால் கெடு முடிந்து நாலைந்து நாள் ஆகியும் யாருக்கும் தெரியவில்லை. கரண்ட் போனபோதுதான் தெரிந்தது.

போன் எடுத்தேன். "சேர், லைசன்ஸ் கொட்டேஷனில் இல்லையே." கொட்டேஷனை எடுத்துப் பார்த்தேன். ஆறாவது வரி: "மெய்நிகராக்க மென்பொருள் நிறுவுதல் அடங்கும்." நிறுவுதல்தான் அடங்கும், மென்பொருள் அடங்காது! வருடத்துக்கு எத்தனையோ கொட்டேஷன் சரிபார்க்கிற கண், அந்த ஒரு சொல்லைத் தாண்டிப் போயிருக்கிறது. புதிதாக வாங்கலாம் என்றால், 2023 நவம்பரில் புரோட்கொம் என்ற கொம்பனி விஎம்வெயாரை வாங்கிய பிறகு ஒருதரம் காசு கட்டி எப்போதும் வைத்திருக்கும் லைசன்ஸ் விற்பதில்லை, சந்தா மட்டும்தான். இது தெரியாமலா விற்றார்கள்? சேர்வரை முழுதாக ஆளும் ரூட் பாஸ்வேர்டைக் கேட்டேன். மிச்ச 6 லட்சத்தைக் கட்டினால் தருகிறோம் என்றார்கள்.

கிண்ணியாவிலிருந்து ஒரு தம்பி வந்தார். யாரோ சொல்லி வந்தவர், கொம்பனி ஒன்றும் இல்லை. கேட்ட முதல் கேள்வி, "அண்ணா, நாஸ் பாஸ்வேர்ட் யாரிட்ட இருக்கு?" நல்லகாலம், பூட்ட வந்த பெடியன் அதை ஒரு துண்டில் எழுதி ராக்கின் உள்பக்கம் ஒட்டிவிட்டுப் போயிருந்தான். டெஸ்க்டொப் வட்டெல்லாம் அதில் சாதாரணக் கோப்பாகவே கிடந்தன. ஸ்டோர் அறையில் பழைய இரும்புக்காரருக்குக் கொடுக்க அடுக்கி வைத்திருந்த பிசி ஒன்றில் விஎம்வெயார் செய்யும் வேலையையே இலவசமாகச் செய்யும் புரொக்ஸ்மொக்ஸைப் போட்டு, வாடிக்கையாளர் கோப்புகள் இருந்த கோப்பு சேர்வரை மட்டும் அதில் ஏற்றினார். இரவு இரண்டு மணிக்கு வாடிக்கையாளர் கோப்புறை திறந்தது. அதுவரைக்கும் நான் குடித்த பிளேன்டிக்குக் கணக்கில்லை.

போக முன் நாஸ் டிஸ்க்குகளின் ஸ்மார்ட் விபரத்தை, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவை, திறந்து காட்டினார். "புத்தம் புதிது" என்று பில் போட்ட டிஸ்க் ஓடியிருந்த நேரம் 41,000 மணித்தியாலத்துக்கு மேல். நாலே முக்கால் வருடம் அளவில் வரும். பிறகு தின் கிளையன்ட் ஒன்றைத் திருப்பிப் பார்த்தால், புது ஸ்டிக்கருக்குக் கீழே கத்தியால் சுரண்டிய பழைய ஸ்டிக்கரின் பசை. விரல் வைத்தால் ஒட்டியது.

விண்டோஸ் கதையையும் சொல்லிவிடுகிறேன். பழைய பிசிகளோடு வந்த லைசன்ஸே காணும் என்றார்கள். காணாது. பிசியோடு வருவது அந்தப் பிசிக்குத்தான். சேர்வரில் ஓடும் டெஸ்க்டொப்புக்கு மைக்ரோசொஃப்ட்டிடம் அதற்கென்று தனி உரிமம் எடுக்க வேண்டும். அந்தச் செலவும் கொட்டேஷனில் இருக்கவில்லை.

இப்போது யாராவது எனக்கு ஒரு கொட்டேஷன் நீட்டினால் லைசன்ஸ் யாருடைய பெயரில், எந்தத் திகதி வரைக்கும் என்பதைத் திரையில் காட்டச் சொல்வேன். எல்லோரும் வேலையில் இருக்கும் நேரம் ஒரு சேர்வரின் வயரை என் கையால் பிடுங்குவேன். அதற்கு முன் கடைசித் தவணை கிடையாது. பாஸ்வேர்டெல்லாம் முதல் நாளே என் மேசைக்கு வர வேண்டும்.

பழைய பிசிகளைத் தூசு தட்டித்தான் அந்த நவம்பரை ஓட்டினோம், சில பேருடைய விபரத்திரட்டு பிந்தித்தான் போனது. நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின் 1977 இலக்கத்துக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறேன், சட்டத்தரணி கடிதமும் போயிருக்கிறது. பதில் இன்னும் இல்லை. ஆனால் மாதம் பிறந்தால் "பேலன்ஸ் பேமென்ட் பெண்டிங் சேர்" என்று வட்ஸ்அப் மட்டும் தவறாமல் வருகிறது.

போன கிழமை அவர்களுடைய பேஸ்புக் பக்கத்தில் ஒரு படம் கண்டேன். "திருகோணமலையில் வெற்றிகரமாக முடித்த வீடிஐ திட்டம்" என்று போட்டிருக்கிறார்கள். ராக்கின் மேலே சந்தனப் பொட்டு வைத்த சின்னப் பிள்ளையார் இருக்கிறார். அது எங்கள் பிள்ளையார். அந்தப் படத்தைக் காட்டி உங்களிடம் யாராவது வந்தால், ஒரு தேத்தண்ணி கொடுத்து இருத்தி வைத்துவிட்டு எனக்கு ஒரு மெசேஜ் போடுங்கள்.