வெடித்துத் தேயாத துவக்குகள்

ரொறன்ரோவில் இருக்கும் என் மருமகன் குறிபார்த்துச் சுடும் கழகம் ஒன்றில் உறுப்பினன். தொலைபேசி எடுத்தால் ஐந்து நிமிடம் குடும்பக் கதை, அரை மணித்தியாலம் கைத்துப்பாக்கிக் கதை. குளொக்கா பெரெற்றாவா என்பது அவனுக்குத் தீராத வழக்கு. குளொக் 17ஐ 1982இல் ஒஸ்திரிய இராணுவம் எடுத்தது, பெரெற்றா 92ஐ 1985இல் அமெரிக்கப் படை தேர்ந்தெடுத்து 2017இல் சிக் சவருக்கு மாறியது என்று தேதியோடு ஒப்புவிப்பான். கனடாவில் 2022 ஒக்ரோபர் 21 முதல் கைத்துப்பாக்கி விற்பனையை முடக்கிவிட்டார்கள். அதனால் கையில் இருப்பதன் ஆயுளைப் பற்றிய கவலை அவனுக்குக் கூடிவிட்டது.

"மாமா, என்னுடையது பத்தாயிரம் வெடி தாண்டிவிட்டது, ஒருதடவைகூடச் சிக்கவில்லை. உங்கள் துவக்கு எத்தனை வெடி தாங்கும்?" என்று கேட்டான்.

கணக்குப் பார்த்தேன். ஒரு காலபோகத்தில், அதாவது மாரிகால நெற்செய்கையில், வயலுக்கு வரும் பன்றிக்கு நான் தீர்ப்பது முப்பது வெடிக்குள். சிறுபோகத்தில் அதுவும் இல்லை. பத்தாயிரத்தை எட்ட எனக்கு முந்நூறு வருடத்துக்கு மேல் வேண்டும். அவன் சிரித்தான். எனக்கோ அந்தக் கேள்வி இரண்டு நாள் தலைக்குள் கிடந்தது. துவக்கின் உறுதியை வெடிக்கணக்கில் அளப்பவர்கள் வாரந்தோறும் சுட்டு, அன்றே துடைத்து, காய்ந்த அறையில் வைக்கிறவர்கள். எங்கள் துவக்கு வெடித்துத் தேய்வதில்லை. கிடந்து தேய்கிறது. மாரி நான்கு மாதம் ஈரத்தில், கோடை முழுதும் தூசியில். அவன் சொன்னதில் எனக்குப் பயன்பட்டது ஒன்றுதான்: குளொக்கின் உடற்பகுதி பிளாஸ்டிக், அதில் கறள் ஏறாது.

வவுனியா மாவட்டத்துச் செட்டிகுளத்துக்கு உள்ளே, குளக்கட்டுக்குக் கீழ் எங்கள் வயல். பின்பக்கம் காடு. நெல் பால்பிடிக்கும் நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கினால் விடிவதற்குள் அரை ஏக்கர் உழுத நிலம்போல் ஆகிவிடும். யானையை விரட்ட வனசீவராசிகள் திணைக்களம் சத்தவெடி கொடுக்கிறது. பன்றிக்குத் துவக்கை விட்டால் வேலியும் கண்விழிப்பும்தான். கம்பியில் கால் பட்டதும் வெடிக்கும் கட்டுத்துவக்கும், வாய்வழியே மருந்து இடிக்கும் இடியனும் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவை பன்றியைவிட மனிதர்களின் காலைத்தான் அதிகம் பார்த்திருக்கின்றன. நான் எழுதுவது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின்கீழ், பயிர்ப் பாதுகாப்புக்கென்று கச்சேரியில் (மாவட்டச் செயலகத்தில்) பதிந்து வருடந்தோறும் புதுப்பிக்கும் 12 போர் (குழலின் அளவு) துவக்குகளைப் பற்றி. இரண்டு என் வீட்டில் இருந்தவை. மற்ற இரண்டும் காவல் இரவுகளில் பக்கத்தில் இருந்து பார்த்தவை.

முதலாவது ஐயாவின் வெப்லி அன் ஸ்கொட். இரட்டைக்குழல், பேர்மிங்காமில் செய்தது. 1968இல் ஓய்வுபெற்ற ஒரு தோட்டத்துரையின் சாமான்கள் விற்றபோது ஐயா வாங்கினார், இரண்டு மாட்டை விற்ற காசில். அதை மூடும்போது வரும் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இரும்புப் பெட்டி மூடுகிற சத்தம் அல்ல. நல்ல தச்சன் செய்த கதவு நிலையில் போய் அமர்வதுபோல் மெத்தென்று ஒரு 'டொக்'. குழலுக்கும் பின்தகட்டுக்கும் இடையில் சிகரட் தாள்கூட நுழையாது. ஐயா அதைத் தாளை வைத்தே காட்டுவார், வீட்டுக்கு வந்தவர்களுக்கெல்லாம்.

1985இல் அது வீட்டைவிட்டுப் போயிற்று. ஒரு பொலிஸ் நிலையத்தில் ஒப்படைத்து ரசீது வாங்கினோம். போர்நிறுத்தம் வந்த பிறகு, 2003இல் திரும்பி வந்தது. 2007இல் மறுபடி ரசீது ஆயிற்று. அதன்பின் மூட்டை முடிச்சுகளோடு எத்தனை இடம் மாறினோம் என்று எழுதப்போவதில்லை. 2012இல் மீண்டும் கைக்கு வந்தது. கூட்டிப் பாருங்கள்: எங்களிடம் துவக்காக இருந்த காலமும் ரசீதாக இருந்த காலமும் ஏறக்குறைய ஒன்று. அந்தத் தாளை அம்மா கல்யாண எழுத்துப் பத்திரத்தோடு ஒரே பொலித்தீன் பையில் வைத்திருந்தார். தாளில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

துவக்குத்தான் அப்படி வரவில்லை. 2003இல் சாக்கைப் பிரித்தபோது குழலின் மேல் பழைய நீலநிறம் இருந்த இடமெல்லாம் செம்பழுப்பு. விரலால் தடவினால் மஞ்சள் தூள்போல் ஒட்டியது. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, தேங்காய்ச் சிரட்டைத் துண்டால் சுரண்டி, மூன்று நாள் வேலை. மேல்கறள் போயிற்று. குழலை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தால் உள்ளே அம்மைத் தழும்பு. இடது குழலில் நடுப்பகுதியில் அதிகம், அங்கேதான் சாக்கின் மடிப்பு அழுத்தியிருக்க வேண்டும். அப்படியிருந்தும் உள்யந்திரம் அசையவில்லை. பிணைச்சலில் ஆட்டம் இல்லை. பதினெட்டு வருடம் எண்ணெய் காணாத வில், சுத்தியலைத் தள்ளுவது, முதல் இழுப்பிலேயே விழுந்தது. நான் பார்த்த நான்கில் வேலைப்பாட்டுக்கு இதுதான் முதலிடம், இன்றும்.

ஆனால் இங்கே ஒரு விடயத்தை நிறுத்திச் சொல்லவேண்டும். பழைய இங்கிலாந்துத் துவக்குப் பலவற்றில் தோட்டா அமரும் அறையின் நீளம் இரண்டரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 65 மில்லிமீற்றர். இப்போது கடையில் கிடைக்கும் தோட்டா பெரும்பாலும் 70. வெடிக்காத தோட்டாவின் வாய் மடிந்திருப்பதால் அது உள்ளே ஒழுங்காகப் போகும், துவக்கும் மூடும். வெடிக்கும்போது மடிப்பு விரிந்து குழலின் ஒடுங்கிய கழுத்துக்குள் இறங்கி அடைக்கும். அமுக்கம் ஏறும். நோஞ்சான் குழல் அதைத் தாங்காது. எங்கள் துவக்கின் குழலடியில், பேர்மிங்காம் பரிசோதனைக்கூட முத்திரைக்குப் பக்கத்தில் அந்த அளவு பொறித்திருந்தது. ஐயாவுக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது, இலக்கம் தெரியும். தோட்டா வாங்கும்போது ஒரு பனையீர்க்கை அளவாக வெட்டிக் கொண்டுபோவார். பழைய துவக்கு வைத்திருப்பவர்கள் எண்ணெய் போடுவதற்கு முன் இதைப் பார்க்கட்டும்.

அந்த வெப்லி உடைந்து சாகவில்லை. 2013இல் புதுப்பிக்கக் கொண்டுபோனபோது குழலில் இருந்த இலக்கத்தில் கடைசி இரண்டு எண்களைக் கறள் தின்றிருந்தது. எழுதுவினைஞர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். 36ஆ 86ஆ என்று அவருக்குப் புரியவில்லை, பழைய பத்திரத்தில் இருந்ததை எடுத்து எழுதவும் அவருக்கு மனமில்லை. இடது குழலின் தழும்பும் எனக்குப் பயத்தைக் கொடுத்திருந்தது. ஒப்படைத்துவிட்டேன். அதற்கும் ஒரு ரசீது தந்தார்கள்.

அம்மானிடம் இருந்தது கிறீனர் ஜீ.பி., ஒற்றைக்குழல். மற்றவைபோல் நடுவில் மடியாது. கைப்பிடிக்குக் கீழே உள்ள நெம்பியை இழுத்தால் உள்ளே ஒரு கட்டை இறங்கி வழிவிடும். பழைய மார்ட்டினி ரைபிளின் முறை. பிணைச்சல் இல்லாததால் பிணைச்சல் தளரும் என்ற பேச்சே இல்லை. இதே குடும்பத்தில் பொலிஸ் காவலுக்கென்று ஒரு வகையை எகிப்துக்குச் செய்து அனுப்பினார்கள். யாராவது பறித்துக்கொண்டு போனாலும் கடைத்தோட்டா அதில் ஏறாதபடி தனி அளவுத் தோட்டா. இதைக் கேட்டபோது அம்மான் நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்முடையதையும் அப்படிச் செய்திருக்கலாம்" என்றார். ஏன் சொன்னார் என்பது 80களில் வன்னியில் துவக்கு வைத்திருந்த வீடுகளுக்கு விளங்கும்.

காவலுக்குக் கிறீனர் மெது. ஒரு வெடிக்கு மேல் இல்லை, அவசரத்தில் நெம்பியைத் தேடவேண்டும். ஆனால் சேற்றில் விழுந்து எழுந்த இரவிலும் அது வெடித்ததை நான் கண்டிருக்கிறேன். அம்மான் தலைமாட்டில் பழைய வேட்டித்துணி ஒன்று இருக்கும். வயலால் வந்ததும் முதலில் துவக்கு, பிறகுதான் கால் கழுவுவார். அது கடைசிவரை கறுப்பாகவே இருந்ததற்குப் பேர்மிங்காமைவிட அந்த வேட்டித்துணிக்குத்தான் பங்கு அதிகம்.

மூன்றாவதன் பெயரை எழுதப்போவதில்லை. பக்கத்து வயல்காரர் போருக்குப் பிறகு வாங்கிய ஒற்றைக்குழல், பார்வைக்கு மினுக்கம். முதல் மாரியிலேயே வெற்றுத் தோட்டாவைப் பின்னுக்குத் தள்ளும் கொளுக்கி வழுக்கத் தொடங்கியது. வெடித்த பிறகு அவர் பேனாக்கத்தியால் தோட்டாவைக் கிண்டுவார். ரோர்ச் வெளிச்சத்தில், பன்றி இருபது யார் தூரத்துக்குள் நிற்க, ஒரு மனிதன் துவக்கைக் கிண்டிக்கொண்டிருக்கும் காட்சி சிரிப்புக்கு உரியதல்ல. இரண்டாம் வருடம் தோட்டாவின் பின்னால் குத்தும் ஊசி முறிந்தது. அதைவிட மோசம், ஒருநாள் பரண் ஏணியில் பிடங்கு (தோளில் அணைக்கும் மரப்பகுதி) தட்டியதும் வில் தானே விழுந்தது. உள்ளே தோட்டா இல்லாதது அவருடைய பிள்ளைகள் செய்த புண்ணியம். மலிவுத் துவக்கில் நான் கண்டது இதுதான்: குழல் நன்றாகவே இருக்கும், வெளியில் தெரியாத சின்னச் சின்ன உருக்குத் துண்டுகளில் காசை மிச்சம் பிடித்திருப்பார்கள்.

இப்போது என்னிடம் இருப்பது பைக்கால், ரஷ்யாவின் இஷெவ்ஸ்க்கில் செய்தது. ஒற்றைக்குழல் 18ஆம் மாதிரி, 1964 முதல் செய்துவருகிறார்கள். முறைப்படி பெயர் மாற்றி 2014இல் எடுத்தேன். அழகு என்று சொல்ல ஒன்றும் இல்லை. வெப்லிக்குப் பக்கத்தில் வைத்தால் மாட்டுவண்டிச் சக்கரத்தை வீணைக்குப் பக்கத்தில் வைத்தது போலிருக்கும். ஆனால் குழலின் உட்புறம் குரோம் பூசியது. பத்து மாரி போய்விட்டது. துணியை ஒருதரம் இழுத்துவிட்டுப் பார்த்தால் உள்ளே கண்ணாடி. வெளிப்பக்கத்தில் என் உள்ளங்கை பிடிக்கும் இடத்தில் நிறம் போய்விட்டது, என் வியர்வையில் உப்பு அதிகம் என்று மனைவி சொல்கிறாள். அறை 70 மில்லிமீற்றர், ஈர்க்குக் குச்சி தேவையில்லை.

பிடங்கு மட்டும் பழையது இல்லை. 2017இல் பரணிலிருந்து நானே தவறி விழுந்தேன், துவக்கு எனக்குக் கீழே. என் விலா எலும்பும் அதன் கழுத்தும் ஒன்றாக வெடித்தன. ஊர்த் தச்சர் முதிரையில் புதிது செதுக்கித் தந்தார். பாலைதான் உறுதி என்று நான் சொன்னேன். "பாலையில் செய்தால் தூக்குவதற்கு ஒரு ஆளும் வைக்கவேண்டும்" என்று சொல்லிவிட்டார். முதிரையும் பாரம்தான். அந்தப் பாரத்தால் தோளில் உதை குறைந்ததை நான் எதிர்பார்க்கவில்லை.

எண்ணெய் விடயத்தில் எல்லாத் தவறும் செய்து முடித்தவன் நான். தேங்காய் எண்ணெய் சில மாதத்தில் பிசினாகி வில்லைப் பிடித்துவிடும். டிராக்டரின் பழைய ஒயிலில் கரியும் அமிலமும் உண்டு. தையல் இயந்திர எண்ணெய், துளி அளவு, அவ்வளவே. உறைக்குள் போட்டு வைப்பதுதான் பெரிய தவறு, சாக்கும் சீலையும் ஈரத்தை உறிஞ்சி இரும்போடு அணைத்து வைத்திருக்கும். நான் பூட்டிய மரப்பெட்டிக்குள் எதுவும் சுற்றாமல் நிமிர்த்தி வைக்கிறேன், தோட்டா வேறு பூட்டில். கடதாசி உறைத் தோட்டா பழைய இருப்பில் கிடைத்தால் ஆசைப்படாதீர்கள். மாரியில் ஊதி அறைக்குள் இறுகிவிடும், பிறகு நல்ல துவக்குக்கும் கெட்ட பெயர்.

போன புரட்டாதியில் மருமகன் மறுபடி எடுத்தான். விதைப்புக்கு முன் துவக்கைத் துடைக்கலாம் என்று பெட்டியைத் திறந்துகொண்டிருந்தேன். பேச்சை ஒலிபெருக்கியில் போட்டுவிட்டுக் குழலை மடித்து யன்னல் பக்கம் பிடித்தேன். வட்டமாகத் தெரியவேண்டிய வெளிச்சம் தெரியவில்லை. வாய்ப்பக்கத்திலிருந்து ஒரு சாண் உள்ளே இருட்டு. பெட்டியின் மூலையில் எலி அரித்த ஓட்டை ஒன்று இருந்தது, அதை நான் கவனித்திருக்கவில்லை.

"குரோம் பூசிய குழல் என்று சொன்னீர்களே மாமா, எப்படி இருக்கிறது?" என்றான்.

"பொறு தம்பி" என்றேன். கமுகஞ்சிலாகையைச் சீவி மெதுவாக உள்ளே விட்டுத் தள்ளினேன். முதலில் காய்ந்த களிமண் பொருபொருவென்று பாயில் கொட்டியது. பிறகு குளவியின் கூடு பாதி உடைந்து வந்தது. அதற்குள்ளிருந்து சிலந்திகள் ஐந்து, குளவி கொட்டி மயக்கி வைத்தவை, பாயில் விழுந்தன. ஒன்று இன்னும் காலை அசைத்துக்கொண்டிருந்தது.