“கேமிங்குக்குத் தனி நெட்வொர்க்” என்று 14,500 ரூபாய் வாங்கினார்கள்: நீங்களாவது பார்த்துக் கொடுங்கள்

வீட்டிலிருந்தே கணக்கு எழுதும் தொழில் எனக்கு. பத்து இருபது பேருடைய வரி விவரம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பையன் கேமுக்காக எதையெதையோ டவுன்லோடு செய்வான். அதனால் அவனுடைய பிஎஸ்5, கேமிங் லேப்டாப் இரண்டையும் தனி நெட்வொர்க்கில் போடலாம் என்று மதுரையில் ஒரு கடையில் சொன்னேன்.

ஆள் வந்தார். “விலான் போட்டுத் தந்துடுறேன் சார், ரெண்டு பக்கமும் ஒன்னையொன்னு பாக்கவே முடியாது” என்றார். ஒரே ஸ்விட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிப்பதுதான் விலான். ஒரு ரவுட்டர், ஐந்து போர்ட் (கேபிள் செருகும் துளை) உள்ள ‘விலான் ஸ்விட்ச்’, கூலி எல்லாம் சேர்த்து 14,500. பில்லில் ‘நெட்வொர்க் வேலை’ என்று ஒரே வரி. மாடல் பெயர்கூட இல்லை. வாங்கி மடித்து வைத்துக்கொண்டேன்.

அன்று ராத்திரியே பையன் வந்து நின்றான். “அப்பா, கூட விளையாடுறவங்க பேசுறது எனக்குக் கேக்கல, நான் பேசுறது அவங்களுக்குக் கேக்கல.” பிஎஸ்5 இன்டர்நெட் சோதனையில் நேட் வகை 3 என்று வந்தது. வீட்டுச் சாதனங்கள் எல்லாம் ஒரே முகவரியில் வெளியே போக ரவுட்டர் செய்யும் முகவரி மாற்றம்தான் நேட்; வகை 3 என்றால் மற்ற ஆட்டக்காரர்களோடு இணைவது கஷ்டம். கடைக்கு ஃபோன் போட்டால், ஸ்பீடு பத்தவில்லை, 300 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறுங்கள் என்றார்கள். மாறினேன். அதே வகை 3. பிறகு ‘போர்ட் திறக்க’, அதாவது வெளியிலிருந்து கேமுக்கு வழி விட, என்று அதே ஆள் வந்து 1,000 வாங்கிப் போனார். அதற்கும் அசையவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்தேன். புது ரவுட்டரின் ஸ்டேட்டஸ் பக்கத்தில் வான் ஐபி (ரவுட்டரின் வெளிப்பக்க முகவரி) 192.168.1.7 என்று இருந்தது. அது எங்கள் ஃபைபர் மோடம் கொடுத்த, வீட்டுக்குள் மட்டும் செல்லும் முகவரி. மோடமே ஒரு ரவுட்டர்; அதன் பின்னால் இன்னொரு ரவுட்டரைச் செருகிவிட்டுப் போயிருக்கிறார். இதைத்தான் டபுள் நேட் என்பார்கள். மோடத்தின் வான் ஐபியைப் பார்த்தால் அது 100.72 என்று ஆரம்பித்தது. 100.64 முதல் 100.127 வரையுள்ள முகவரிகள், ஒரே பொது ஐபியை (இணையத்தில் நேரடியாகத் தெரியும் முகவரியை) பல வீடுகளுக்குப் பகிர்வதற்காக 2012இல் ஒதுக்கப்பட்டவை. அந்த நிலையில் வீட்டுக்குள் எந்த போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து வருகிறவருக்கு அது எட்டாது. நான் கொடுத்த ஆயிரத்துக்கும், கூட்டிய ஸ்பீடுக்கும் இந்தக் கோளாறோடு சம்பந்தமே இல்லை.

அடுத்துப் பார்த்ததில்தான் வயிறு கலங்கியது. பையனின் லேப்டாப்பில் சிசிடிவி ரெக்கார்டரின் முகவரியை அடித்தேன். லாகின் பக்கம் உடனே வந்து நின்றது. என் ஆபீஸ் கம்ப்யூட்டரும் பிங்குக்கு (இருக்கிறாயா என்று கேட்கும் சோதனைக்கு) பதில் சொன்னது. பின்னால் செருகிய ரவுட்டர், முன்பக்கத்திலிருந்து, அதாவது என் கம்ப்யூட்டர் இருக்கும் மோடம் பக்கத்திலிருந்து, உள்ளே வருவதைத்தான் தடுக்கும். உள்ளிருந்து முன்பக்கம் போவதைத் தடுக்காது. ஆக, என்னிடமிருந்து கேம் சாதனங்களுக்குப் பாதுகாப்பு. என் கணக்குகள் அவற்றுக்குத் திறந்தே கிடந்தன. மூன்று வாரம்!

ஸ்விட்சைக் கவிழ்த்து மாடல் எண்ணைத் தேடினேன். சாதாரண ஸ்விட்ச். விலான் என்றால் எந்த போர்ட் எந்த எண்ணில் என்று அமைக்க ஓர் இடம் வேண்டும். இதற்கு செட்டிங் பக்கமே கிடையாது.

இணைப்புக் கம்பெனியில் மாதக் கட்டணம் கட்டிப் பொது ஐபி வாங்கினேன். மோடத்தை பிரிட்ஜ் மோடில், அதாவது ரவுட்டர் வேலையை விட்டு இணைப்பை மட்டும் கடத்தும்படி, போடச் சொல்லி, புது ரவுட்டரை மட்டும் வைத்தேன். அதிலேயே கெஸ்ட் நெட்வொர்க் (விருந்தாளிகளுக்கான தனி நெட்வொர்க்) இருந்தது. வீட்டுச் சாதனங்களைப் பார்க்கும் அனுமதியை நிறுத்திவிட்டு, கேம் சாதனங்களை அதில் சேர்த்தேன். இப்போது வகை 2. ரெக்கார்டர் பக்கம் அங்கிருந்து திறப்பதில்லை.

உங்கள் வீட்டில் யாராவது இந்த வேலை செய்தால், அவர் நிற்கும்போதே கேம் பக்கத்து லேப்டாப்பில் சிசிடிவி முகவரியை அடித்துப் பாருங்கள். ரவுட்டரின் வான் ஐபியைக் காட்டச் சொல்லுங்கள். 192.168 என்றோ, நான் சொன்ன அந்த 100 வரிசையிலோ இருந்தால் பணத்தை எடுக்காதீர்கள். பில்லில் மாடல் எண் எழுதி வாங்குங்கள்.

கடையில் பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் கொடுத்திருக்கிறேன். ஸ்விட்சை அட்டைப்பெட்டியோடு எடுத்து வைத்திருக்கிறேன்.