அணில் வேட்டைக்கு எது: பிளின்ட்லாக்கா, கேப்புத் துப்பாக்கியா?

அமெரிக்காவின் அப்பலாச்சியன் காடுகளில் ஹிக்கரி மரங்கள் காய்த்துக் குலுங்கும்போது சாம்பல் அணில்கள் உச்சிக் கிளைகளில் கொறித்துக்கொண்டிருக்கும். குழல் வாய் வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியோடு போகிறவர்கள் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பிளின்ட்லாக், கேப்பு வைத்துச் சுடும் துப்பாக்கி என இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கேப்புத் துப்பாக்கி எளிது. தட்டினால் வெடிக்கும் மருந்தைத் துப்பாக்கிக்குப் பயன்படுத்த 1807இல் காப்புரிமை வாங்கியவர் ஃபோர்சைத் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார். அந்த வழியில் வந்ததுதான் கேப்பு, அதாவது அத்தகைய மருந்து அடைத்த சிறு உலோக மூடி. சுத்தியல் விழுந்ததும் சுடும், தூறலுக்கும் அவ்வளவாக அஞ்சாது.

பிளின்ட்லாக் அப்படியில்லை. சக்கிமுக்கிக் கல் எஃகுத் தகட்டில் உரசி, பொறி கிண்ணியிலுள்ள நுண்மருந்தில் விழுந்து, அந்தத் தீ சிறு துளை வழியே குழலுக்குள் போனால்தான் குண்டு புறப்படும். கண்ணருகே பளிச்சென்று எரியும்போதும் குறியை அசைக்கக் கூடாது. பனி பெய்யும் காலையில் கிண்ணி மருந்து ஈரம் வாங்கிக் குழைந்துவிடும். அடிக்கடி துடைத்துப் புதிதாகப் போட வேண்டும். கல்லும் மழுங்கும்.

இரண்டிலும் .32 அங்குலக் குழல் அளவே போதும், குண்டு சுமார் 3 கிராம். உடலில் பட்டால் கறி வீணாகும், தலைக்குத்தான் குறி வைக்க வேண்டும். அதனால் புதியவருக்குக் கேப்புதான் சரி. எனக்கு மட்டும் பிளின்ட்லாக். அணில் அசையாமல் நிற்கும்வரை காத்திருக்கும் பொறுமையை அதுதான் கேட்கிறது. அப்புறம், பென்சில்வேனியாவில் கிறிஸ்துமஸுக்குப் பிறகு பிளின்ட்லாக்குக்கென்றே தனி மான் வேட்டைப் பருவமும் உண்டு. அணிலில் பழகிய கை அங்கே உதவும்.