டயாலிசிஸ் நோயாளிக்குப் பல் பிடுங்கிய மருத்துவமனை: ஒரு மதிப்புரை

திங்கள், புதன், வெள்ளி என வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ் செய்துகொள்ளும் என் அப்பாவுக்குச் சென்ற மாதம் கடைவாய்ப்பல் ஒன்று ஆடத் தொடங்கியது. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திய பின் தரப்படும் மருந்துகள் நோய் எதிர்ப்புச் சக்தியைக் குறைத்துவிடும் என்பதால், அதற்கு முன்பே வாயில் சீழோ தொற்றோ இல்லாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிறுநீரக மருத்துவர்தான் எங்களைப் பல் மருத்துவரிடம் அனுப்பினார்.

வரவேற்பறையில் தந்த படிவத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம், இதயநோய் ஆகியவற்றுக்குக் கட்டங்கள் இருந்தன, சிறுநீரகத்துக்கு இல்லை. நான் ஓரத்தில் எழுதிக் கொடுத்தேன். அப்படியும் உதவியாளர், டயாலிசிஸுக்காக ரத்தக்குழாய்களை இணைத்துப் பிஸ்டுலா போட்டிருக்கும், அழுத்தம் படக் கூடாத இடது கையிலேயே ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்ற வந்தார். அப்பா சட்டென்று கையை இழுத்துக்கொண்டார். இது சிறிய குறையன்று.

ஆனால் மருத்துவர் அந்த ஓரக்குறிப்பைப் படித்துவிட்டே உள்ளே அழைத்தார். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கச் செலுத்தும் ஹெப்பாரினின் வீரியம் அடங்க வேண்டும், உடலில் கழிவுகளும் குறைந்திருக்க வேண்டும் என்று சொல்லி, பல் எடுப்பதை வியாழக்கிழமைக்குத் தள்ளிவைத்தார். வேறோரிடத்தில் முன்பு ஒரு வார்த்தையும் கேட்காமல், சிறுநீரகத்தைப் பாதிக்கக்கூடிய வலி மாத்திரையான டைக்ளோபெனாக்கை எழுதித் தந்த அனுபவம் எங்களுக்கு உண்டு. இவரோ பாராசிட்டமால் மட்டுமே எழுதி, இன்னும் கொஞ்சம் சிறுநீர் பிரிகிறதென்றால் அதைக் காப்பாற்ற வேண்டும் என்றார்.

வாய் நாற்றம் பற்றி அப்பாவே தயங்கித் தயங்கிக் கேட்டார். அதற்கு அஞ்சிப் பேத்தியை மடியில் வைத்துக்கொள்வதையே அவர் விட்டிருந்தார். நாங்களோ அவர் சரியாகப் பல் துலக்குவதில்லை என்று எண்ணியிருந்தோம். ரத்தத்தில் தேங்கும் யூரியா உமிழ்நீரிலும் இறங்கி, அங்குள்ள நுண்ணுயிரிகளால் அம்மோனியாவாக மாறுவதால் எழும் வாடை அது என்று மருத்துவர் பொறுமையாக விளக்கினார். தண்ணீரை அளந்து குடிப்பதால் வாய் உலர்வதும், பல்லில் காரை விரைவாகப் படிவதும் இதே நோயின் தொடர்ச்சிதான் என்றும், ரத்த அழுத்தத்துக்கான அம்லோடிபின் சிலருக்கு ஈறைத் தடிக்கச் செய்யும் என்றும் சொல்லி, ஈறுகளை ஒவ்வொன்றாகச் சோதித்தார்.

வியாழனன்று குழியில் தையல் போட்டு, ரத்தம் நின்றதை அரை மணி நேரம் இருந்து உறுதிசெய்த பிறகே அனுப்பினார்கள். முன்பதிவு செய்தும் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். முதல் மாடிக்கு லிப்ட் கிடையாது. காரை நீக்க அடுத்த மாதம் மறுபடியும் வியாழக்கிழமைதான் குறித்திருக்கிறார்கள். பட்டையை வலது கையில் சுற்றும்படி இந்த முறை நான் முன்னதாகவே சொல்லிவிடுவேன்.