ஒரே நாளில் எடுத்த இரண்டு பட்டுப் புடவைகள்: 32 வருடப் பயன்பாட்டு அனுபவம்

1992 ஆவணியில் எனக்குக் கல்யாணம். அதற்காகப் பனகல் பார்க் பக்கம் ஒரு கடையில், ஒரே நாளில் இரண்டு காஞ்சிபுரம் பட்டு எடுத்தோம். முகூர்த்தத்துக்கு அரக்கு உடல், பச்சை பார்டர், 4,600 ரூபாய். ரிசப்ஷனுக்கு மயில் கழுத்து நிறம், அரக்கு பார்டர், 3,100 ரூபாய். முதல் புடவையைப் பத்திரமாகப் பூட்டி வைத்தேன். இரண்டாவதை எடுத்து எடுத்துக் கட்டினேன். 32 வருடம் கழித்து இரண்டும் என்ன ஆயின என்று எழுதுகிறேன். கல்யாணப் புடவையை பீரோவின் மேல் தட்டில் வைத்துவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்காகத்தான் இது.

கடைக்கு வந்தவர்களில் துணி தெரிந்தவர் தாத்தா ஒருவர்தான், அம்மாவின் அப்பா. பெரம்பூர் பக்கம் இருந்த பி அண்டு சி மில்லில் நெசவுப் பகுதியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அந்த மில் 1996ல் மூடப்பட்டது. இன்றைக்குப் பலருக்கு அது சினிமா செட் போட்ட இடமாகத்தான் தெரியும். எங்கள் வீட்டில் மில் என்றாலே காக்கி. ராணுவத்துக்குப் போன அதே காக்கி ட்ரில் துணியில்தான் மாமாவுக்கு டிரவுசரும் அம்மாவுக்கு மார்க்கெட் பையும் தைத்தார்கள். அந்தப் பை 1985 வரை உழைத்ததை நானே பார்த்திருக்கிறேன்.

தாத்தா விலையைக் கேட்கவில்லை. முந்தானை ஓரத்தில் பிசிறாக நின்ற ஜரிகை இழை ஒன்றை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்பு தெரிந்ததும் தலையாட்டினார். சிவப்புப் பட்டு நூலின் மேல் வெள்ளியைச் சுற்றி, அதற்கு மேல் தங்க முலாம் பூசுவதுதான் அசல் ஜரிகை. பிறகு உடலும் பார்டரும் சேரும் இடத்தைத் தடவிப் பார்த்தார். கோர்வைப் புடவையில் பார்டர் நூலை உடலோடு கோத்துக்கொண்டே நெய்வார்கள். தறியில் ஒருவர் உட்கார்ந்திருக்க, எதிர்ப்பக்கம் இன்னொருவர் ஊடை நூல் சுற்றிய நாடாவை வாங்கித் திருப்பிக் கொடுக்க வேண்டும். முந்தானை சேரும் இடத்தில் விரலுக்கு ஒரு சின்ன மேடு தட்டுப்படும். அது பெட்னி போட்ட அடையாளம், அதாவது உடல் நூலையும் முந்தானை நூலையும் இணைத்த இடம். "சேந்த எடம் எப்பவும் பிரியாதும்மா. பொட்டியில போட்டு மூடிட்டியானா மூச்சு முட்டி செத்துப்பூடும், அவ்ளோதான்" என்றார். அன்றைக்கு எனக்கு அது பெரிய விஷயமாகத் தோன்றவில்லை.

எங்கள் வீட்டில் பட்டைப் பூட்டி வைத்த வழக்கமே கிடையாது. எனக்கு 5 வயதில், 1974ல், அம்மா ஒரு பச்சைப் பட்டுப் பாவாடை தைத்தார். அடியில் மூன்று டக்கு. நான் வளர வளர இரண்டு வருடத்துக்கு ஒன்றாகப் பிரித்துவிடுவார். பிரித்த மடிப்புக்குள் இருந்த பட்டு மட்டும் வெளுக்காமல் அடர்ந்த பச்சையாக நிற்கும். சுவரில் கரிக்கோடு போட்டுப் பிள்ளைகளின் உயரம் குறிப்பார்களே, அதுபோல அந்தப் பாவாடையில் என்னுடைய 7, 9, 11 வயசு மூன்று கோடுகளாக இருக்கிறது. 2000ல் என் மகளுக்கு 5 வயசானபோது, அம்மா அதே கோடுகளில் மறுபடி டக்கு பிடித்து அவளுக்குப் போட்டுவிட்டார். கண்ணாடி தேவைப்படவில்லை, கோடுகள் வழி காட்டின. என் வீட்டில் இருக்கிற துணிகளிலேயே கொடுத்த காசுக்கு அதிகம் உழைத்தது எது என்று கேட்டால் தயங்காமல் அந்தப் பாவாடையைச் சொல்வேன்.

தாவணிப் பருவத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. பள்ளியில் நீலப் பாவாடை, வெள்ளைத் தாவணி. பாலியெஸ்டர், வியர்வை, ஒரு டஜன் ஊக்கு.

குழந்தைப் பருவத் துணி வேறு விஷயம். என் இரண்டு பிள்ளைகளுக்கும் முதல் துணி தாத்தாவின் பழைய வேட்டிதான். பிறந்த குழந்தைக்கு, நீண்ட நாள் வாழ்ந்தவர்களின் துவைத்துத் துவைத்து மெலிந்த துணியைப் போட வேண்டும் என்று ஆயா (பாட்டி) பிடிவாதமாக இருந்தார். தூளி கட்டியது ஆயாவின் சிவப்புச் சுங்குடிப் புடவையில். மதுரையில் கையால் முடிச்சுப் போட்டுச் சாயம் ஏற்றிய பருத்தி. கஞ்சியெல்லாம் போய் மல் துணி மாதிரி ஆகியிருந்தது. காற்று உள்ளே போகும், குழந்தைக்கு வேர்க்காது. இந்தச் சுங்குடி பின்னால் ஒரு முக்கியமான இடத்தில் மறுபடி வரும்.

கல்யாணமாகி ஜாஃபர்கான்பேட்டைக்கு வந்ததும் அத்தை முகூர்த்தப் புடவையைத் தன் கையாலேயே மடித்தார். "முகூர்த்தப் பொடவம்மா. கண்டதுக்கெல்லாம் எடுத்துக் கட்டாத. அப்படியே வெச்சுக்கோ." கடையில் கொடுத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு, இரண்டு அந்துருண்டை வைத்து மேல் தட்டில் ஏற்றினார். அதில் பாசம் மட்டும்தான் இருந்தது. அவருடைய கூறைப் புடவையை ஒரு கஷ்ட காலத்தில் விற்க நேர்ந்ததாம். மருமகளுக்கும் அப்படி ஆகக் கூடாது என்ற பயம் அவருக்கு.

மயில் கழுத்துப் புடவைக்கு அந்தக் காவல் இல்லை. வளைகாப்பு, நாத்தனார் கல்யாணம், வடபழனி கோயிலில் பையனுக்கு மொட்டை, புதுமனைப் புகுவிழாக்கள், பள்ளி ஆண்டு விழா என்று எல்லாவற்றுக்கும் கட்டினேன். குறைந்தது 70 தடவையாவது இருக்கும். கட்டியதும் அன்றே மடிக்க மாட்டேன். இரவு முழுக்கக் கொடியில் காற்றாட விட்டு, மறுநாள்தான் மடிப்பேன். ஒவ்வொரு தடவையும் மடிப்பு வேறு வேறு இடத்தில் விழுந்தது. நான் யோசித்துச் செய்ததில்லை, தானாக நடந்தது. அந்தப் புடவையைக் காப்பாற்றியது அதுதான் என்று இப்போது உறுதியாகச் சொல்வேன்.

2015 டிசம்பர் 1 இரவு அடையாற்றுத் தண்ணீர் எங்கள் தெருவுக்குள் வந்தது. பிள்ளைகளையும் அத்தையையும் கூட்டிக்கொண்டு மேல் வீட்டுக்கு ஓடினோம். மூன்றாம் நாள் இறங்கி வந்தபோது பீரோவின் கீழ் இரண்டு தட்டும் சேறு. அடிக்கடி எடுக்கிற துணியெல்லாம் அங்கேதான் இருந்தது. மயில் கழுத்துப் புடவை, அதன் மேல் ஆயாவின் சுங்குடி. சுங்குடியின் சிவப்பு இறங்கிப் பட்டில் கையளவுக்குத் திட்டாகப் படிந்திருந்தது. (1960களில் அமெரிக்காவில் 'பிளீடிங் மெட்ராஸ்' என்ற பெயரில், துவைக்கத் துவைக்கச் சாயம் ஒன்றோடொன்று கலப்பதையே அழகென்று சொல்லி நம் ஊர்க் கட்டம் போட்ட துணியை விற்றார்கள். அந்த ஈரப் புடவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு அதில் அழகு எதுவும் தெரியவில்லை. அழுகைதான் வந்தது.)

அப்போது செய்ததைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். வெள்ளம் வருகிற ஊரில் இருக்கிறோம். கரண்ட் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. மொட்டை மாடியில் பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தது. நிறம் நிறமாகப் பிரித்தேன். சோப்பு போடவில்லை, தேய்க்கவில்லை, முறுக்கிப் பிழியவில்லை. பக்கெட்டில் முக்கி முக்கி எடுத்தேன். எட்டாவது பக்கெட்டில்தான் தண்ணீர் தெளிந்தது. ஈரத்தை ஒரு பழைய போர்வையில் சுருட்டி ஒற்றினேன். வெயில் படாமல் மாடிப்படி நிழலில் விரித்துப் போட்டேன். காய இரண்டு நாள் ஆயிற்று. பிறகு பாலிஷ் போட்டு வாங்கினேன். ஜரிகை கொஞ்சம் மங்கியது. சிவப்புத் திட்டு போகவில்லை, ஆனால் அது கொசுவத்துக்குள் மறைகிற இடம். ஒரு இழைகூட விடவில்லை.

மேல் தட்டு நனையவே இல்லை. முகூர்த்தப் புடவை தப்பித்தது என்று அன்றைக்குச் சாமிக்குக் கற்பூரம் ஏற்றினேன்.

2017ல் கல்யாணத்தின் 25ஆம் வருடம். அதைக் கட்டலாம் என்று பிளாஸ்டிக் கவரைப் பிரித்தேன். அந்துருண்டை வாசனை முகத்தில் அடித்தது. ஜரிகை கறுத்திருந்தது. உதறி விரிக்கையில், நடு மடிப்பில் 'சர்'ரென்று சின்னதாக ஒரு சத்தம். அடுத்த மடிப்பிலும் அதே சத்தம். மடிப்பு எங்கெல்லாம் இருந்ததோ அங்கெல்லாம் கத்தியால் கீறின மாதிரி நேர்கோடாகக் கிழிந்தது. 25 வருடம் ஒரே இடத்தில் வளைந்து, ஜரிகையின் கனத்தையும் தாங்கி, இழை முறிந்துவிட்டது. கவருக்குள் அடைந்த சென்னைப் புழுக்கம் மீதியைச் செய்திருக்கிறது. தாத்தா தடவிப் பார்த்த இடங்கள் மட்டும் அப்படியே நின்றன. கோர்வையும் விடவில்லை, பெட்னி மேடும் விடவில்லை.

அத்தை கட்டிலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நான்தானேம்மா கட்டாதன்னு சொன்னேன்" என்று அழுதார். அவருக்கு அப்போது 78 வயசு. நான் பக்கத்தில் உட்கார்ந்து புடவையை அவர் மடியில் போட்டேன். முகூர்த்தத்தன்று யார் யார் வந்திருந்தார்கள், பந்தியில் என்ன குறைந்தது, மாமா எந்த வேட்டி கட்டியிருந்தார் என்று இரவு வரை பேசிக்கொண்டிருந்தோம். 25 வருடத்தில் அந்தப் புடவை வெளியே வந்து பேச வைத்தது அன்றைக்குத்தான்.

இழையோட்டித் தருகிற ஒருவரிடம் கொண்டுபோனேன். பக்கத்து இழைக்குப் பலம் இருந்தால்தான் ஓட்ட முடியும், இது பிடித்தால் பிரிகிறது என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். தெருவில் பழைய பட்டுப் புடவை வாங்குகிறவர் எடை பார்த்து ஒரு தொகை சொன்னார். அவர்கள் எரித்து வெள்ளியைப் பிரிப்பார்கள் என்று தெரியும். கொடுக்க மனசு வரவில்லை. பச்சை பார்டரை வெட்டி மகளின் ரவிக்கைக்கு வைத்தேன், மீதியில் கொஞ்சம் பூஜை அலமாரிக்குத் திரை.

அம்மாவின் துணிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019ல் அறுவை சிகிச்சைக்குப் பிறகு அவரால் கையைத் தூக்க முடியவில்லை. 70 வயசு வரைக்கும் புடவை தவிர வேறு கட்டாதவர் நைட்டிக்கு மாறினார். தலை வழியாகப் போடுகிற மாடல் உதவாது. முன்பக்கம் முழுக்கப் பட்டன் வைத்த பருத்தி நைட்டி, இரண்டு சைஸ் பெரியது, சைடில் ஒரு பாக்கெட். வயசான அம்மா வீட்டில் இருந்தால் இதைத்தான் வாங்குங்கள், விலையைப் பார்க்காதீர்கள். காலிங் பெல் அடித்தால் "என் துண்டு எங்கடி?" என்று முதலில் மேல் துண்டைத் தேடுவார். 2021ல் போய்விட்டார். அவருடைய கோ-ஆப்டெக்ஸ் பருத்திப் புடவைகள் ஏழும் என்னிடம் வந்தன. கஞ்சி போட்டு வீட்டிலேயே கட்டுகிறேன். இரண்டு நைந்துவிட்டன, மூன்றாவது இந்த வருடம் போய்விடும். போகட்டும். அந்த நைட்டி மட்டும் மடித்தபடி இருக்கிறது. அதை என்ன செய்வதென்று இன்னும் முடிவு செய்யவில்லை.

இப்போது என் பீரோவில் பிளாஸ்டிக் கவர் கிடையாது. ஒவ்வொரு பட்டும் ஒரு பழைய வெள்ளை வேட்டித் துண்டில் சுற்றி இருக்கிறது. அந்துருண்டைக்குப் பதில் துணியில் முடிந்த வசம்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லாவற்றையும் எடுத்து ஃபேன் காற்றில் போட்டு, மடிப்பை மாற்றி மடிக்கிறேன். அதற்கு ஒரு மதியம் முழுக்க வேண்டும். மகள் ஊரில் இருந்தால் ஒரு முனையைப் பிடித்துக்கொள்வாள். அவளுடைய கல்யாணப் புடவையை, கல்யாணமான அடுத்த மாதமே ஒரு பிறந்தநாளுக்குக் கட்ட வைத்தேன்.

மயில் கழுத்துப் புடவையைப் போன வெள்ளிக்கிழமை மாம்பலத்தில் ஒரு சஷ்டியப்த பூர்த்திக்குக் கட்டினேன். பந்தியில் முந்தானையில் சாம்பார் சொட்டிவிட்டது. தண்ணீர் தொடாமல் பஞ்சால் ஒற்றி, வீட்டுக்கு வந்ததும் பவுடர் தூவி இரவு முழுக்க விட்டேன். காலையில் மெல்லத் தட்டிவிட்டேன். வெளிச்சத்தில் பிடித்தால் கொஞ்சம் தெரிகிறது.